செப்டம்பர் எட்டாம் தேதி ஊதின மூச்சு

ஹலோ... ஹலோ, எச்.ஆர். சந்திரமோகன் சாரா?... ஆங், நான் ஆரோக்கியமேரி. கிரைண்டிங் செக்சன் தானியேல் சம்சாரம்... ஆமா சார், ஆமா, அதே தானியேல் தான். பத்தொன்பது வருசமா இரும்பு வார்க்குற உங்க பவுண்டரித் தூசிய முழுங்கின ஆளு...

லெட்டருக்குத்தான் சார். நாளைக்கி காலைல நஷ்ட ஈட்டுக்கு இ.எஸ்.ஐ. மெடிக்கல் போர்டுல காட்டணும். 'தூசில வேல செஞ்சாரு'ன்னு ஒரே ஒரு வரி. அத்த எழுத உங்களுக்குக் கை வலிக்குது...

இன்னாது?... ஹார்ட்டு வியாதியா?... ஆமா, ஹார்ட்டு தான் வீங்கிகீது. எந்தப் பக்கம்னு படிச்சீங்களா?... வலது பக்கம். அதான் நுரையீரலுக்கு ரத்தத்தத் தள்ளுற பக்கம்... இருங்க சார், எட்டாவது படிச்ச எனுக்கே டாக்டரு சொன்னதும் புரிஞ்சிது. தூசி போயி நுரையீரலு இறுகிப்போச்சி. பைப்பு அடைச்சிகினா மோட்டாரு முக்கி முக்கியே பூடும் இல்ல? ரெண்டு காலும் வீங்கி செருப்பு நுழையல. நீங்க இன்னாடான்னா மோட்டாரு மேல பழி போடுறீங்க...

பீடியா? அவரு தொட்டதே இல்ல. அது உங்க சூப்பர்வைசரு பரசுராமன்.

...ம்... ம்... சொல்லுங்க... வருசா வருசம் குழாய்ல ஊதுற டெஸ்டு, ஆமாமா. நுரையீரலு தொண்ணூத்திரெண்டு பர்சண்டு வேல செய்யுதுன்னு போட்டுகீது. நீங்க அனுப்பின ரிப்போர்ட்டு கையிலதான் கீது. தேதி படிக்கட்டா? போன வருசம் செப்டம்பர் எட்டு...

கம்முனு கேளு சார். அன்னிக்கி மாதா பொறந்த நாளு. நாங்க குடும்பத்தோட வேளாங்கண்ணில மொட்டை போட்டுகினு நின்னோம். லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட்டதே நீதான்...

மிஸ்டேக்கா? ஒசரம் நூத்தியெழுபத்தெட்டு சென்டிமீட்டருன்னு போட்டுகீது, அஞ்சடி பத்தங்குலம். எம் புருசன் அஞ்சடி ரெண்டங்குலம். உங்க ஆபீஸ்ல அவ்ளோ ஒசரமான ஆளு நீ ஒருத்தன் தானே?... டெஸ்டுக்காக ஆளுங்கள மிசின வுட்டு எழுப்பினா புரொடக்சன் போவும்னு, லீவுல இருந்த அவரு பேர்லயும் நீயே ஊதிட்ட. த்தூ, நீயெல்லாம் சேப்டி மீட்டிங்குல மைக் புடிக்கிற...

இன்னாது, இப்பவே எழுதித் தரியா?... வேணாம். லெட்டரே வேணாம். இந்த ரிப்போர்ட்டத்தான் போர்டு டாக்டரு கையில குடுக்கப்போறேன்...

இன்னா சார், உனுக்கு மூச்சு வாங்குது? உக்காந்து பேசு. தொண்ணூத்திரெண்டு பர்சண்டு நுரையீரலு ஆச்சே...

ஹலோ?... ஹலோ?... வச்சிட்டான்.