பச்சைப் புள்ளி

– அந்த வண்ண லைட்டெல்லாம் வேணாம் தம்பி. சுற்றுலா பஸ் மாதிரி மின்னுது. கம்ப்யூட்டர்ல விளையாட்டு ஓடினா போதும்.

– லைட்டுக்குன்னு தனியா காசு இல்லண்ணே, கேபினெட்டோடயே வருது. புடிக்கலன்னா ஒயரைக் கழட்டி விட்டுடறேன்.

– கழட்டிடுங்க. பெட்டி சின்னதா இருக்கணும். ஊர் வரைக்கும் மடியில வச்சு எடுத்துட்டுப் போகணும்.

– பாத்துக்கலாம்ணே. ப்ராசசர் நடுத்தரமா ஒண்ணு போதும். மிச்சத்தை கிராஃபிக்ஸ் கார்டுல போடுவோம், படம் திக்காம ஓடறதெல்லாம் அதோட தயவுலதான். கை மாறின கார்டு ஒண்ணு இருக்கு. நானே போட்டு ஓட்டிப் பாத்தேன், நல்லா இருக்கு.

– பழசுன்னா பரவால்ல. நான் ஓட்டற பஸ்ஸும் பழசுதான். நடுவழியில கழுத்தறுக்காம இருந்தா சரி.

– அறுக்காது. ஆனா பவர் சப்ளைல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. மட்டமானது போட்டா, அது போறது மட்டுமில்லாம மத்ததையும் கூட இழுத்துட்டுப் போயிடும்.

– அது கெடக்கட்டும், நல்லதாவே போடுங்க. வேற?

– உங்க பையனையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேண்ணே. இந்தப் பசங்களுக்கு மவுஸ்லேருந்து கீபோர்டு வரைக்கும் தனித்தனியா ஒரு ஆசை இருக்கும். அப்புறம் வீட்டுக்குப் போனதும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க.

– இது எனக்குத்தான்.

– உங்களுக்கா?

– ஏன், டிரைவர் விளையாடக் கூடாதா? ஆயுசு பூரா ஸ்டியரிங் புடிச்ச கை. இந்த எலிக்குட்டி அடங்காதா?

– அய்யோ, தப்பா சொல்லலண்ணே! தாராளமா விளையாடுங்க. என்ன விளையாட்டு?

– நாலு பேர் சேந்து ஒரு அணியா சுட்டுக்கிட்டுப் போவாங்களே. யாராவது அடிபட்டு விழுந்தா கூட இருக்கறவன் ஓடிப் போயி தூக்கி விடுவானே, அது.

– அதுவா! நானும் அதுலதான் குடியிருக்கேன். அதுக்கு இந்தக் கார்டு தாராளம். சரி, மைக் வச்ச ஹெட்செட் ஒண்ணு எடுத்துக்கங்க. அணியில பேசாம ஆட முடியாது.

– மைக் வேணாம்.

– மலிவாதான் இருக்கு…

– வேணாம்னா விடுங்களேன் தம்பி. என் குரல் கேட்டா அந்த நிமிஷமே அவன் எழுந்து போயிடுவான்.

– எவன்?

– எம் பையன்.

– ஓ… சண்டையாண்ணே?

– சண்டையா இருந்தா தேவலையே. கால்ல விழுந்தாவது சமாதானம் பண்ணியிருப்பேன். பக்கத்துத் தெருவுல, அந்த மஞ்சக் கட்டடத்து மாடியிலதான் அறை எடுத்துத் தங்கியிருந்தான். வேலை போச்சு. போனதை எங்ககிட்ட சொல்லல. கடன் வாங்கி மாசாமாசம் சம்பளம் மாதிரி அனுப்பியிருக்கான். ஒரு நாள் அதுவும் நின்னுச்சு, போன் நம்பரும் செத்துப் போச்சு. வந்து பாத்தா அறை காலி.

– போலீஸ்ல சொல்லலியா?

– சொன்னேன். பெரிய பையன், அவனா போயிருக்கான், அவனா வருவான்னுட்டாங்க. கூடத் தங்கியிருந்தவன்தான் இந்த விளையாட்டைப் பத்தியும், அதுல இவன் வச்சிருந்த பேரையும் சொன்னான். எங்க கண்டக்டர் என் போன்ல எதையோ ஏத்திக் குடுத்தார். அவன் விளையாட வந்தா பேரு பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுது. எரிஞ்சா, எம் பையன் எங்கயோ உக்காந்திருக்கான், மூச்சு விட்டுக்கிட்டிருக்கான்னு அர்த்தம். எனக்கு அது போதும்னுதான் இருந்தேன்.

– அதுலயே ஒரு சேதி அனுப்பலாமேண்ணே, அப்பா பேசறேன்னு.

– அனுப்பிட்டு? வெக்கப்பட்டு அந்தப் பேரையும் மாத்திட்டுப் போயிட்டான்னா? மிச்சமிருக்கறது அந்த ஒரு நூலுதான். அதையும் நானே அறுத்துக்கவா?

– அதுவும் சரிதான்.

– அதான், விளையாட்டைக் கத்துக்கப் போறேன். யாரோ எவனோ மாதிரி அவன் அணியில போய் நிக்கறேன். அவன் கூடவே ஓடறேன். விழுந்தான்னா தூக்கி விடறேன். நேர்லதான் குடுத்து வைக்கல.

– அண்ணே… கார்டுக்கும் பவர் சப்ளைக்கும் எனக்கு லாபம் வேணாம். நானே உக்காந்து சொல்லியும் தரேன்.

– நல்லா இருப்பீங்க. அவன் இப்ப பெரிய ஆளு தெரியுமா? போன மாசம் மேல் வரிசைக்கு ஏறிட்டான். டிப்போல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன். எதுக்குன்னு கேட்டாங்க. எம் பையனுக்குப் பதவி உயர்வுன்னு சொல்லி வச்சேன்.

– பேரைச் சொல்லுங்கண்ணே, அவர் ஆடற நேரம் பாத்து உங்களை உள்ள நுழைச்சு விடறேன்.

– ‘கடைசி சீட்’.

– என்னது?

– கடைசி சீட். சின்னப் பையனா இருந்தப்ப என் பஸ்ல ஏறினா அங்கதான் போய் உக்காருவான். பள்ளத்துல எறங்கி ஏறினா தூக்கித் தூக்கிப் போடும்ல, அதுக்கு அப்படி ஒரு சிரிப்பு… என்ன தம்பி, ஸ்க்ரூவையெல்லாம் கொட்டிட்டீங்க?

– ஒண்ணுமில்லண்ணே. அண்ணே, இன்னிக்கு வேணாமே. ஊருக்குப் போங்க. நிதானமா யோசிச்சு…

– ஏன், பணம் பத்தலயா?

– பணமில்லண்ணே.

– அப்புறம் என்ன? இவ்வளவு நேரம் வாய் ஓயாம பேசினீங்க, இப்ப மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கறீங்க.

– உங்க பையன் ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, பேசறப்ப தரையையே பாத்துக்கிட்டு இருப்பாரா?

– ஆமா, ஆமா! பாத்திருக்கீங்களா? எங்க இருக்கான்?

– தெரியாதுண்ணே. சத்தியமாத் தெரியாது. ஒரு நாள் அவரோட கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்து இங்கதான் வித்தார். பேரமே பேசல. போறப்ப, என் விளையாட்டுக் கணக்கையும் எடுத்துக்கங்க, இனிமே எனக்குத் தேவைப்படாதுன்னார்.

– எடுத்துக்கங்கன்னா?

– அதையெல்லாம் வாங்குவாங்க, விப்பாங்கண்ணே. சேத்து வச்ச துப்பாக்கி, உடுப்பு எல்லாத்தோடயும் கை மாறும். பேரு எனக்குப் புடிச்சிருந்துச்சு. மாத்தாம விட்டுட்டேன்.

– எனக்குப் புரியல தம்பி. நேத்துகூட வந்தானே. எரிஞ்சுதே.

– அது நான்தாண்ணே.

– மேல் வரிசைக்கு ஏறினது?

– நான்தான்.

– எப்ப வித்தான்?

– வருஷத்துக்கு மேல ஆச்சு.

– வேற ஒண்ணும் சொல்லலியா? எங்க போறேன், என்ன பண்ணப் போறேன்னு?

– நானும் கேக்கலண்ணே. கேட்டிருக்கணும். அண்ணே, இப்படி உக்காருங்க. தண்ணி குடிங்க. இன்னியோட அந்தப் பேரை விட்டுடறேன். இனிமே சத்தியமா அதைத் தொட மாட்டேன்.

– அய்யோ, விட்டுடாதீங்க தம்பி. கடையைச் சாத்தினதும் எப்பவும் போல விளையாடப் போங்க. அந்தப் பச்சையைப் பாத்த அப்புறம்தான் அவங்கம்மா சோத்துல கை வைப்பா.