துக்க மணிக்கு ஒரு பட்டன்

— முன்னால வந்து நின்னு பேசு, ஏளா ஜெனிட்டா. ஊர்த் தலைவர்கிட்ட முதுகுக்குப் பின்னால நின்னு பேசுறது என்ன பழக்கம்?

— லேப்டாப்புக்கு வயர் சொருகிட்டிருந்தேன் மாமா. இனிகோ வெளிய நிக்கான். அம்மா எதுக்குக் கடக்கரைக்கு ஓடுனாங்கன்னு என்கிட்ட கேக்கான். என்ன சொல்ல?

— மாதா கோயில் மணி சிஸ்டத்துல கோளாறுன்னு சொல்லு. எம் மவன் புரிஞ்சுக்கிடுவான்.

— கோளாறு இல்ல மாமா. நான் எழுதுனபடியேதான் அது செஞ்சிருக்கு.

— நீ கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போக ஆரம்பிச்சதே கிறிஸ்மஸுக்கு அப்புறம். அதுக்குள்ள கோளாறு எது, கோளாறு இல்லாதது எதுன்னு கண்டுட்டியாக்கும்.

— இதைக் கண்டுட்டேன். பதிவு பண்ணுன மணிச்சத்தம் ஒரு அடி ஸ்பீக்கர்ல கேட்டதும், அடுத்த அடிக்குக் கொஞ்சம் இடைவெளி விடணும்னு சொன்னீங்கல்ல. அதுக்கு 'ஸ்லீப்'னு எழுதியிருந்தேன். அப்படி எழுதுனா அந்த இடைவெளியில புரோகிராமே தூங்கிரும். பட்டனை அமுக்குனா அமுங்குன மாதிரியே தெரியாது. ஆனா அமுக்குனதையெல்லாம் வரிசையில போட்டு வச்சிருக்கும். முழிச்சதும் ஒண்ணொண்ணா எடுத்து அடிக்கும்.

— எங்கிட்ட எதுக்கு இதெல்லாம்? நான் நிர்வாகம் பாக்குதவன். 'கணினி மணி கண்ட செம்மல்'னு கல்வெட்டுல செதுக்கியாச்சு. பெரியதாழையில இருந்துகூட ஆள் வந்து கல்வெட்டைப் பாத்துட்டுப் போயிருக்கு.

— பன்னெண்டு மணி செபத்துக்கு அதுவே தானா அடிக்கும், அதையே திறப்பு விழாவா வச்சுக்கிடலாம்னு சொன்னேன்.

— சிறப்பு விருந்தினருக்கு அடுத்த விழாவுக்கு நேரமாச்சு. அதோட, தானா அடிச்சா திறந்து வச்சது யாரு? தலைவர் கையால அமுக்க ஒரு பட்டன் வேணும்லா?

— இருந்த ஒரே பட்டன் துக்க மணிதான் மாமா. மத்த மணிக்கெல்லாம் நேரம் போட்டுட்டேன். சாவுக்கு நேரம் போட முடியல.

— அதுக்குத்தான் மைக்கில முறையா அறிவிச்சேனே. இது வெள்ளோட்டம், ஆம்பிளை துக்கத்துக்கான மூணு அடி ஒரே ஒரு தடவை கேக்கும், யாரும் பதற வேண்டாம்னு.

— ஒரு தடவைக்கு யாரும் பதறல. எப்பவும் உங்க பக்கத்துலயே இருக்குற பிலோமி அத்தை அன்னைக்கு வெளிய பந்தல்ல இருந்தாங்க. சிரிச்சிட்டுதான் இருந்தாங்களாம். பொறவு திரும்பவும் மூணு அடி. திரும்பவும் மூணு. இன்னும் ஒரு மூணு. வெள்ளோட்டம் போக மூணு ஆம்பிளைச் சாவு. அன்னைக்குக் கடலுக்குப் போன இனிகோ வள்ளத்துல எத்தனை பேரு மாமா?

— மூணு பேரு.

— அத்தை அதத்தான் எண்ணியிருக்காங்க. வள்ளம் தெரியுதான்னு பாக்கக் கடலுக்குள்ள நீளுற தூண்டில் வளைவுக் கல்லு மேல ஏறி ஓடியிருக்காங்க. கல்லெல்லாம் பாசி. தலை அடிபட்டு…

— போதும்.

— சாயங்காலம் இனிகோ சீலா மீனோட வந்து இறங்குதான். கரையில ஒருத்தரும் அவன் முகத்தைப் பாக்கல.

— போதும்னேன்லா. நீ உடனே ஸ்பீக்கரை அணைச்சிருக்கணும்.

— ரெண்டாவது தடவை அடிச்சதுமே எந்திரிச்சேன். போட்டோ எடுத்து முடியட்டும், அசையாதேன்னு கையைக் காட்டி நிறுத்துனது நீங்க. திரும்பத் திரும்ப அடிக்கு மாமான்னு பின்னால நின்னு கத்துனேன். நீங்க கேமராவைப் பாத்துச் சிரிச்சிட்டு இருந்தீங்க.

— சரி. நான் ஒருதடவைதான் அமுக்குனேன்னு இனிகோகிட்ட சொல்லிரு.

— நாலு தடவை அமுக்குனீங்க. என் தப்பை நான் சொல்லிருவேன், அதுல மாத்தமில்ல. உங்க பங்கையும் நானே சுமக்கணும்னா, எதுக்கு அமுக்குனீங்கன்னாவது சொல்லுங்க. முதல் தடவையே மணி அடிச்சிருச்சே.

— அதெல்லாம் அப்புறம். அவள எடுக்கப் போறாவ. துக்க மணி அடிச்சாகணும். பழைய கயித்த நானே அறுத்துப் போட்டாச்சு, இதுலதான் அடிக்கணும். திருத்திட்டியா?

— திருத்தியாச்சு. ஸ்லீப்பை எடுத்துட்டு 'ஆஃப்டர்'னு போட்டிருக்கேன். இவ்வளவு நேரம் கழிச்சு அடின்னு குறிச்சு வச்சுட்டு, புரோகிராம் முழிச்சே இருக்கும். அமுக்குனதும் பட்டன் சாம்பல் நிறமாயிரும். மணி முடிஞ்சாத்தான் பழைய நிறம் வரும். அதுவரைக்கும் யார் அமுக்குனாலும் எடுக்காது. பொம்பளை துக்கத்துக்கு ரெண்டு அடி. இனிகோவக் கூப்பிடவா, அவன் அமுக்கட்டும்?

— வேண்டாம். அவளுக்கு நாந்தான் அமுக்கணும். தள்ளு… இந்தா, அமுக்கிட்டேன்.

— கையை எடுத்துருங்க மாமா.

— எடுத்துட்டேன். சாம்பல் ஆயிட்டு. காத்திருக்கேன்.

— …

— பட்டன் பழைய நிறத்துக்கு வந்துட்டே. இன்னும் மணி அடிக்கக் காணோம். திரும்ப அமுக்கட்டுமா?

— மாமா… ரெண்டும் அடிச்சாச்சு. வெளிய எல்லாரும் அழுறாங்களே.

— முன்னால வந்து சொல்லு பிள்ள, உன் வாய் தெரியல.

— ரெண்டும் அடிச்சு முடிஞ்சிருச்சு மாமா. உங்களுக்குக் கேக்கலையா?

— எனக்குக் காது போயி ரெண்டு வருஷமாவுது, ஏளா. ஊருக்குத் தெரிஞ்சா தலைவர் பதவி போயிரும்னு பூசையிலயும் மீட்டிங்குலயும் பக்கத்துல உக்காந்து என் கையில தட்டித் தட்டிச் சொன்னது அவதான். அன்னைக்குப் போட்டோவுல விருந்தினருக்கு இடம் வேணும்னு அவளை நான் வெளிய அனுப்பிட்டேன், அடிச்சிருச்சுன்னு கையில தட்ட ஆளில்ல.