உள்ளேயிருந்து உடைச்ச பூட்டு

டைப்ரைட்டர் சத்தம் சார், வேற ஒண்ணுமில்ல. மிஷின்ல நூல் சிக்கினா நான் ஏன் அப்படியே நின்னு காது குடுக்கறேன்னு கேட்டீங்கல்ல, அதுக்குச் சொல்றேன். ஸ்டேஷன்ல என்னை நிக்க வெச்சு என் பேரை அடிச்சாரு பாருங்க அந்த ரைட்டர், அவரு ஒத்தை விரல்ல அடிப்பாரு. ஒரு எழுத்து அடிச்சுட்டு யோசிப்பாரு. அப்புறம் இன்னொரு எழுத்து. மழை விட்டப்புறம் கூரையிலேர்ந்து சொட்டுமே, அந்த மாதிரி. எத்தனையோ வருஷமாச்சு. இந்த மிஷின் தடுமாறினா இன்னிக்கும் அந்த விரல்தான்.

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுல குண்டூசி குத்தி வெச்சிருக்கேன், உங்களுக்கு நல்லதில்ல. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஆஸ்பத்திரியில இந்தத் தையல் ரூமுக்குக் கிழிஞ்ச போர்வையைத் தவிர யாரும் வந்ததில்ல. வேலைக்கு ஆள் எடுக்கற ஆபீசர் நீங்களே படி இறங்கி வந்திருக்கீங்க. மரியாதைதான். டீ சொல்லட்டுமா? சரி விடுங்க, பேசிட்டுப் போங்க. நான் தைச்சுகிட்டே கேக்கறேன், ஆப்பரேஷன் கவுன் எல்லாம் சாயங்காலத்துக்குள்ள மேல போகணும்.

புரியுது சார். சாயங்காலம் கூட்டம். என் ஃபைலை டைரக்டர் மேஜையில வைக்கணும். வெச்சா, இத்தனை வருஷமா காண்ட்ராக்ட்ல தைச்சுகிட்டிருந்தவ நிரந்தரம் ஆயிடுவா, வயசான காலத்துல பென்ஷன் வரும். வைக்கலைன்னா இந்த மாசத்தோட காண்ட்ராக்டும் முடிஞ்சுது, ரூமும் காலி. நல்லாத் தெரியும். எனக்கு ஆசை இல்லைன்னு யாரு சொன்னா? கண்ணு போய்கிட்டிருக்கு, ஊசியில நூல் கோக்கறதுக்குப் பக்கத்து வார்டு நர்ஸைக் கூப்பிடறேன். எனக்கு இந்த வேலை வேணும். அதை முதல்ல எழுதிக்குங்க.

ஆனா நீங்க கொண்டு வந்திருக்கற இன்னொரு தாள், அதுல கையெழுத்துப் போட மாட்டேன்.

கோவிச்சுக்காதீங்க. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நல்ல மனசோடதான் நீங்களே பூர்த்தி பண்ணிக் கொண்டு வந்திருக்கீங்க, என் கைதுப் பதிவை நீக்கச் சொல்லி. வேற ஆபீசரா இருந்தா ஃபைலை மூலையில போட்டுட்டுப் போயிருப்பாரு. முதல்ல அந்தக் கைதுப் பதிவோட பிரிண்டைக் காட்டுங்க, கண்ணாடியை மாட்டிக்கறேன். ம். கம்ப்யூட்டர்ல தேடினா வர்றது இவ்வளவுதான். என் பேரு, வயசு, தொழில் தையல், குற்றம் பூட்டை உடைத்தல், அத்துமீறல். அதைப் பார்த்துட்டுதான் ஸ்டோர் சாவியை என்கிட்டேர்ந்து வாங்கிட்டாங்களா? நினைச்சேன். நேத்து ஸ்டோர் அம்மா வந்து சாவியைக் கேக்கறப்பவே அவங்க முகம் ஒரு மாதிரி இருந்துது. எந்தத் திருடியாவது இத்தனை வருஷம் காத்திருந்து நாலு போர்வையைத் தூக்கிகிட்டுப் போவாளா?

உடைச்சது நிஜம். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா உள்ளேருந்து உடைச்சேன் சார். உலகத்துலயே வெளிய போறதுக்காகப் பூட்டை உடைச்சு மாட்டினவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

சட்டை தைக்கற கம்பெனி அது. பெரிய ஹால், வரிசையா மிஷின், அத்தனையிலயும் பொம்பளைங்க. பின்னாடி ஒரு கதவு, நெருப்பு கிருப்புன்னா ஓடறதுக்கு. அதுக்கு முதலாளி பூட்டுப் போட்டிருந்தாரு. எதுக்குன்னா, நாங்க அந்த வழியா துணியைக் கடத்திடுவோமாம். மதிய நேரத்துல இஸ்திரி ரூம்ல புகை வந்துது. முன் கதவுகிட்ட ஒருத்தியை ஒருத்தி மிதிக்கறாங்க. என் தம்பி அங்கதான் துணி வெட்டற வேலை. அவன் பின் கதவுக்கு ஓடினான், நான் மிஷினுக்கு அடியிலேர்ந்து இரும்புக் கம்பி ஒண்ணை உருவிக் குடுத்தேன். அக்கா நீ தள்ளிக்கோன்னான். மூணு அடி, பூட்டு போச்சு. எல்லாரும் வெளிய வந்தாங்க. கடைசியில பார்த்தா புகையோட சரி, நெருப்பு பெருசா ஒண்ணும் இல்ல. அதுதான் எங்க கெட்ட நேரம். நெருப்பு எரிஞ்சிருந்தா எங்களுக்கு மாலை போட்டிருப்பாங்க. எரியலை, அதனால முதலாளி புகார் குடுத்துட்டாரு. பூட்டு போச்சு, கதவு போச்சு, வெளியாளுங்களை உள்ள விடப் பார்த்தாங்கன்னு. வண்டி வந்துது, ரெண்டு பேரையும் ஏத்தினாங்க.

கேஸா? அது நிக்கவே இல்ல. மேஜிஸ்ட்ரேட் ஒரு கேள்விதான் கேட்டாரு, பூட்டு எந்தப் பக்கம் இருந்துதுன்னு. போம்மான்னு அனுப்பிட்டாரு.

அது ஏன் இதுல இல்லைன்னா, அங்கதான் சார் விஷயமே. பிடிச்சது ஸ்டேஷன்ல இருக்கும். விட்டது கோர்ட்ல இருக்கும். ரெண்டும் பேசிக்காது, சொத்துத் தகராறுல பிரிஞ்ச அண்ணன் தம்பி வீடு மாதிரி. பிடிச்சவுடனே எழுதிடுவாங்க, ஊருக்குக் காட்டிடுவாங்க. விட்டா, விட்டாங்கன்னு நாமதான் காகிதத்தைத் தூக்கிகிட்டு அலையணும். நீங்க கைதுன்னு தேடினா கைது மட்டும்தான் வரும். அதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல.

அசிங்கந்தான், இல்லைங்கல. வீட்டுக்காரம்மா ஒரு தடவை தேடிப் பார்த்துட்டு, மறுநாளே அவங்க வாசக் கதவுக்கு ரெண்டாவது தாழ்ப்பாள் போட்டாங்க, நான் பார்க்கணும்னே என் எதிர்ல. இங்க கேன்டீன்ல எனக்குப் பேரே பூட்டுக்காரி. சாவி தொலைச்சவன் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பான். லாண்டரிக்காரர் ஒருத்தர் நிஜமாவே பீரோவைத் திறந்து குடுக்கச் சொல்லி வந்து நின்னாரு. திறந்தும் குடுத்தேன்.

ஆனா ஒண்ணு கேளுங்க. இதையெல்லாம் யார் வேணா பார்க்கலாம்னு வெச்சிருக்காங்களே, அது தப்புன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. நான் ஒத்துக்க மாட்டேன். என்னை அவமானப்படுத்தறதுக்காக வந்த சட்டம் இல்ல அது. ஒரு ஆளை வண்டியில ஏத்திகிட்டுப் போனா, எங்க ஏத்தினாங்க, எங்க இறக்கினாங்க, யார் ஏத்தினதுன்னு ஊருக்குத் தெரியணும். ஒளிச்சு வைக்கக் கூடாது. அதுக்கு வந்த சட்டம். வீட்டுக்காரம்மா தாழ்ப்பாள் போடறது கூடவே வர்ற தொல்லை. அந்தத் தொல்லையை நான் பொறுத்துக்கறேன். என் பேரு, நான் பொறுத்துக்கறேன்.

எதிரியா? எனக்கா?

ஓ, அதையும் பார்த்துட்டீங்களா. பரவாயில்லையே, நல்லாத்தான் தோண்டியிருக்கீங்க. ஆமா, யார் யார் வந்து பதிவைக் கேட்டாங்கன்னும் ஒரு கணக்கு வெச்சிருப்பாங்க. வருஷா வருஷம் யாரோ என் தாளை நகல் கேட்டு வாங்கியிருக்காங்க, யாரோ பழி வாங்கறாங்கன்னு நினைச்சுட்டீங்க. பாவம், என்னைக் காப்பாத்தத்தான் இதை நீக்கிடலாம்னு ஓடி வந்திருக்கீங்க. இருங்க சார், சிரிப்பு வருது, ஊசி கையில ஏறிடும்.

அது நான்தான். வேற யாரும் இல்ல. ஒவ்வொரு வருஷமும் லீவு போட்டுட்டு, துவைச்ச சேலை கட்டிகிட்டு, ஸ்டேஷன் கவுண்டர்ல போய் நிப்பேன். என்னைக் கைது பண்ணின தாள் வேணும்னு கேப்பேன். புதுசா வர்ற பையன் முழிப்பான். ஏம்மா, எல்லாரும் இதை அழிக்கத்தான் வருவாங்க, நீங்க என்ன கல்யாணப் பத்திரிகை மாதிரி நகல் கேக்கறீங்கம்பான். கொஞ்சம் பழகினவங்கன்னா உள்ள பார்த்துக் குரல் குடுப்பாங்க, அந்தம்மா வந்தாச்சுன்னு. காரணம் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. யார் கேட்டாலும் குடுத்தாகணும். அதுதான் எனக்குப் பிடிச்சது. இந்தப் பெரிய ஊர்ல நான் கேட்டா மறுக்க முடியாத ஒண்ணு அது ஒண்ணுதான்.

ஏன்னா, ரொம்ப காலம் யாரும் கேக்காத பதிவை எரிச்சுடுவாங்க சார். இடம் இல்லைன்னு. யாராவது ஒருத்தர் நகல் கேட்டா, கேட்ட நாள்லேர்ந்து மறுபடியும் முதல்லேர்ந்து கணக்கு. இதை அந்த ஒத்தை விரல் ரைட்டர்தான் சொன்னாரு, ரிட்டயர் ஆகிற வருஷம். சொல்லிட்டு என் மூஞ்சியைப் பார்க்காம ஜன்னலைப் பார்த்துகிட்டிருந்தாரு. அதனால நானும் விடறதில்ல. காய்ச்சலோட கூடப் போயிருக்கேன்.

வீட்டுல நகல் இருக்கு, ட்ரங்குப் பெட்டி நிறைய இருக்கு. அது போதாது. நான் போட்ட வேற ஒரு மனு மேல விசாரணை நடந்தப்ப ஒரு தடவை நீட்டினேன். உன் கையில இருக்கறது காகிதம்மா, எங்ககிட்ட இருந்தாத்தான் பதிவுன்னு சொல்லிட்டாரு அந்த அதிகாரி. சொன்னது நல்லதாப் போச்சு. அவங்ககிட்ட அது இருக்கணும்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. நீங்க நீக்கச் சொல்ற அந்த மனுவுல நான் கையெழுத்துப் போட்டா, மொத்தத் தாளும் போயிடும். என் பேரை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை விட்டு வைக்க மாட்டாங்க. கேட்டுப் பார்த்துட்டேன்.

மிச்சம்னா? நீங்க கம்ப்யூட்டர்ல பார்த்தது சுருக்கம் சார். கவுண்டர்ல கேட்டாத்தான் முழுத் தாள் வரும். அதுல எத்தனை மணிக்குக் கொண்டு வந்தாங்க, யார் கொண்டு வந்தாங்க, சட்டைப் பையில என்ன இருந்துது, எல்லாத்துக்கும் ஒவ்வொரு கட்டம் இருக்கும். கடைசிக்கு முந்தின கட்டம், உடன் பிடிபட்டவர். அதுல என் தம்பி பேரு, அப்பா பேரோட. ரைட்டர் என் தாளை முதல்ல அடிச்சாரு. பொம்பளையை முதல்ல முடிச்சு அனுப்புன்னு யாரோ சொன்னாங்க. அதனால என் தாள்ல அவன் பேரை அடிச்சுட்டுதான் அவனுக்குன்னு தனித் தாளை மாட்டினாரு. அப்ப உள்ளேருந்து கூப்பிட்டாங்க, அந்தத் தாளை உருவிகிட்டு எழுந்து போனாரு. பின்னாடி அவன் பேரு இருந்த காகிதத்தையெல்லாம் சுத்தம் பண்ணினவங்க என் தாளைப் பிரிச்சுப் பார்க்கலை. பொம்பளைத் தாள்ல என்ன இருக்கப் போகுதுன்னு விட்டிருப்பாங்க.

சொல்றேன். அவசரப்படாதீங்க, இந்த விளிம்பை மட்டும் முடிச்சுடறேன்.

கையெழுத்து வேண்டாம் சார். டைரக்டர்கிட்ட சொல்லுங்க, அந்தம்மா விண்ணப்பத்துல எப்பவாவது கைதானது உண்டான்னு கேட்ட இடத்துல ஆமான்னுதான் எழுதியிருக்கா, அதை அழிக்க மாட்டாளாம்னு. கோர்ட்டு விட்ட காகிதத்தையும் கூட வெச்சுத் தர்றேன், இந்தாங்க. இதைப் பார்த்துட்டு வேலை குடுத்தா குடுக்கட்டும். குடுக்கலைன்னா கிழிஞ்சதைத் தைக்கச் சொல்லி எந்தத் தெருவுலயும் ஆள் இருக்கும், ஒரு மிஷினோட பொழைச்சுக்குவேன். தம்பிக்காக நான் போட்ட அந்த மனு இன்னும் நிலுவையில இருக்கு. என்னிக்காவது கூப்பிடுவாங்க. கூப்பிடற அன்னிக்கு அந்தத் தாள் அந்த ஸ்டேஷன்ல இருக்கணும்.

தம்பி இப்ப எங்க இருக்கானா?

அவனைக் கைதே பண்ணலைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க சார். ஸ்டேஷன் பக்கமே அவன் வரலையாம். கம்பெனியிலேர்ந்து ஓடிப் போனவனைச் சாயங்காலம் பெரிய ரோட்டுல லாரி அடிச்சுதாம். லாரி அடிச்சதா எழுதியிருக்கற நேரமும் என் தாள்ல இருக்கற நேரமும் ஒண்ணு, அப்ப அவன் ஸ்டேஷன்ல எனக்கு அடுத்த ரூம்ல இருந்தான். ஒரு சுவர்தான். தண்ணி கேட்டுகிட்டே இருந்தான். அப்புறம் கேக்கலை. மறுநாள் துணியில சுத்திக் குடுத்தாங்க.

ஸ்டேஷன்ல செத்தான் சார், என் தம்பி.