எல்லாருக்கும் திறக்கிற லிங்க்

தஞ்சாவூரிலேயே தாமதமாகக் கிளம்பிய காலை பாசஞ்சரைப் பூதலூரிலும் நிறுத்திப் போட்டிருந்தார்கள். எதிர் இருக்கையில், ஒரே கம்பெனியின் அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள். இளையவள் கண்ணை மூடியபடியே சொன்னாள்.

"நான் போட்ட லீவு ஃபாரம் லிங்க், என் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் திறந்திருக்குக்கா."

"அது எப்படி?"

"ஆபீஸ் பேஜ்ல லிங்க் எல்லாம் நான்தானே போடுறேன். பொதுவுல இருக்குற ஃபாரத்துக்குக் குடுக்காம, என் கம்ப்யூட்டர்ல இருக்குற ஃபாரத்துக்குக் குடுத்துட்டேன். நான் கிளிக் பண்ணிப் பார்த்தப்ப நல்லாத்தான் திறந்துச்சு."

"யாரு கண்டுபிடிச்சா?"

"துபாய் பிராஞ்ச்லேருந்து மெயில் வந்துச்சு. எங்க வீட்டுக்காரர்தான் போட்டிருந்தாரு. ஆபீசுக்கு. எனக்கு இல்ல."

மூத்தவள் சிரித்தாள். "அப்ப லீவு போடப் பார்த்திருக்காரு. ஊருக்கு வர்றாருன்னு சொல்லு."

"நானும் அப்படித்தான் நெனைச்சேன். அன்னைக்கே சரி பண்ணிட்டேன்."

வண்டி மெல்ல நகர்ந்தது.

"அப்புறம்?"

"சம்பா அறுப்புக்கு முன்னாடி நடந்ததுக்கா இது. இப்ப வைக்கோலும் ஏத்தியாச்சு. லீவு ஃபாரமெல்லாம் என்கிட்டதான் வருது. அந்த பிராஞ்ச்ல மத்தவங்க போட்டதெல்லாம் வந்துருச்சு."