அக்கா என்று கொடுத்த எண்

"ஹலோ... ஹலோ, கௌரியக்கா? ... ஓம், அனுஜன்தான். ... வேலையிலயோ? பரவாயில்லை, வோர்ட்டை விட்டுக் கொஞ்சம் வெளியில வாங்கோ. ... இல்லை, அம்மாவுக்கு ஒண்டுமில்லை. ... அப்பாவுக்கும் ஒண்டுமில்லை. எல்லாரும் நல்ல சுகம். நான் ஒருத்தன்தான் செத்துப்போனன்."

ஜெர்மனியின் டோர்ட்மண்டில், மூன்றாம் மாடி பல்கனியில் நின்று பேசிக்கொண்டிருந்தான் அனுஜன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவனுடைய அம்மா, சனிக்கிழமை விருந்துக்கு ரோல்ஸ் சுற்றி ஃப்ரீசரில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிமோதும் அமெரிக்க ஃபுட்பாலில் அவன் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்காக நான்கு வருடம் ஆடியிருந்தான். வரும் வாரக்கடைசியில், கல்லூரிப் பையன்களைத் தொழில்முறை அணிகள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தெரிந்தெடுக்கும். தன் பெயர் சொல்லப்படுவதை வீட்டாரோடு இருந்து பார்க்கவென்றே அவன் டோர்ட்மண்ட் வந்திருந்தான். அம்மா ஒரு மண்டபமே எடுத்துவிட்டாள். கேக்கைப் பந்தின் வடிவத்தில் செய்யச் சொல்லியிருந்தாள்.

"நேற்று லாரா ஃபோன் எடுத்தவா. ... ஓம், என்ர ஏஜென்ட், அந்த லாராதான். ரண்டு டீம் என்னை விட்டுட்டுதாம். ... விட்டுட்டுது எண்டால் விட்டுட்டுது அக்கா, அதுக்கு என்ன விளக்கம்? போன கிழமை வரைக்கும் நாலாவது சுற்றில எடுப்பம், அஞ்சாவது சுற்றில எடுப்பம் எண்டு ஆளுக்காள் சொன்னவங்கள். இப்ப என்ர பேரே வேண்டாமாம். ஏன் எண்டு கேட்டன். தலை எண்டு சொல்லுறா. ... ஓம், தலை. ஆரோ வீட்டு ஆக்கள் சொல்லியிருக்கினமாம். ... பொறுங்கோ. நான் இன்னும் கேக்கவேயில்லை, அதுக்குள்ள ஓம் எண்டுறியள்!

"... அப்ப நீங்கள்தான்.

"... ஓம். ஓம் ஓம், விளங்குது, திருப்பித் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. ... நான் லாராவோட சண்டை பிடிச்சனான், தெரியுமோ? எங்கட அக்கா அப்பிடிச் சொல்லமாட்டா, இது பீலிக்ஸின்ர வேலை, அவனுக்குத்தான் எரிச்சல் எண்டு. அவனுக்குக் கெட்ட கெட்ட தூசணத்தால மெசேஜ் எழுதிப்போட்டன். சின்ன வயசில இருந்து என்னோட விளையாடினவன். அவன் ஒண்டும் எழுதேல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறான்."

அணிகளின் ஆட்கள் ஒரு பையனை எடுக்குமுன் அவனைப் பார்க்கும் விதமே வேறு. விரலை விரிக்கச் சொல்லிக் கையை அளப்பார்கள். ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அவன் ஆடிய ஆட்டமெல்லாம் நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார்கள்: கோபக்காரனா, யார் சொன்னால் கேட்பான், உடம்பில் மறைத்து வைத்த குறை ஏதும் உண்டா? அனுஜனின் அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. அதனால்தான் அவன் பெரியம்மாவின் மகள் சிவகௌரியின் எண்ணைக் கொடுத்தான். அவள் டோர்ட்மண்டிலேயே ஒரு மருத்துவமனையில் தாதி.

"என்ன முறை எண்டு கேட்டவங்கள் அக்கா. 'சிஸ்டர்' எண்டு குடுத்தனான். ... இல்லை, பொய்யெண்டு நினைச்சுக் குடுக்கேல்லை! பெரியம்மாவின்ர மகளை வேற என்னெண்டு சொல்லுறது? அக்கா எண்டால் அக்காதானே. இப்ப பாத்தால் அதுதான் எனக்கு ஆப்பு. கூடப் பிறந்தவளே சொல்லுறாள், அப்ப உண்மையாத்தான் இருக்கும் எண்டு அவங்கள் எழுதிப்போட்டாங்கள்.

"... கேட்டால் சொல்லத்தான் வேணுமோ? என்ன புதுக் கதை இது? எங்கட ஆக்கள் மாப்பிள்ளை விசாரிக்க எடுத்தால் என்ன சொல்லுவம்? தங்கமான பிள்ளை எண்டுதானே? சந்திரமௌலி மாமாவின்ர பெடியன் பின்னேரமெண்டால் குடிச்சுப்போட்டு விழுந்து கிடக்கிறவன். பொம்பிளை வீட்டுக்காரர் உங்கட அம்மாட்டத்தான் விசாரிச்சவை. பெரியம்மா வாயைத் திறந்தவாவோ? ... ஓம், அதைத்தான் சொல்லுறன், திறக்கேல்லை! ... அந்தப் பிள்ளையை ஏன் இப்ப இழுக்கிறியள்? ... ஓம், தெரியும், அவனை விட்டுட்டுத் தாய் வீட்டுக்குத் திரும்பி வந்திட்டா எண்டு. ... அது வேற அக்கா. அது கலியாணம்."

கதவைத் தட்டி அம்மா பொரித்த ரோல்ஸ் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். உறைப்புப் பார்க்கச் சொல்கிறாள். அவன் 'பிறகு' என்று கையசைத்தான்.

"... இல்லை, அது அம்மா, ரோல்ஸ் காட்டுறா. ... சிரிக்காதேங்கோ. ... சரி, சிரிக்கேல்லை. அழவும் வேண்டாம்.

"எனக்கு ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. போன ஆடி மாதம் நான் லீவில வந்து நிக்கேக்க உங்கட காருக்குள்ள இருந்து சொன்னனீங்களோ இல்லையோ, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு? ... என்ர தலையில கையை வச்சுச் சத்தியம் பண்ணினனீங்கள். ... ஓம், அந்தத் தலையிலதான்! ... தெரியும், வாந்தியெடுத்தனான். ... தெரியும், உங்கட பேரைக் கேக்க எனக்குச் சொல்லத் தெரியேல்லை. கொஞ்ச நேரந்தானே? பிறகு சொன்னனான்தானே? ... பயிற்சியில தலை அடிபடுறது எல்லாருக்கும் நடக்கிறது. பீலிக்ஸ் மோதினான், விழுந்தன், எழும்பினன், முடிஞ்சுது. அதுக்குப் பிறகு அமெரிக்காவில ஒரு முழுச் சீசன் விளையாடினனான். ... ஆர் கேட்டது? அவங்கட டொக்டர் கேட்டார், ஒண்டுமில்லை எண்டன். ... ஓம், பொய்தான். எல்லாரும் சொல்லுற பொய்.

"இப்ப கேளுங்கோ. இன்னும் ஒண்டும் கெடேல்லை. உங்களை விசாரிச்ச அந்த மனுசனுக்கு நீங்கள் திருப்பி எடுங்கோ. நான் ஜெர்மன் மொழியில படிச்ச ஆள், என்ர இங்கிலீஷ் அவ்வளவு காணாது, மாறிச் சொல்லிப்போட்டன், அது தம்பிக்கில்லை, வேறொரு நோயாளிக்கு நடந்தது எண்டு சொல்லுங்கோ. ... ஏலாதோ? ... ஏன் ஏலாது? வாய் நோகுமோ?

"... என்ர நன்மைக்கு. ஓம். இதைத்தான் எதிர்பாத்தனான். பதினாறு வயசில இருந்து எல்லாரும் என்ர நன்மைக்குத்தான் கதைக்கினம். Ausbildung எண்டு ஒரு தொழிற்பயிற்சி செய், வங்கியில சேர், பந்தை விடு. நீங்கள் ஒருத்திதான் அப்பிடிச் சொல்லாமல் என்னைக் காரில ஏத்திக்கொண்டு பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டனீங்கள். மழைக்குள்ள நிண்டு பாத்தனீங்கள். அவையெல்லாம் சொல்லியிருந்தால் எனக்கு ஒண்டுமில்லை அக்கா. நீங்கள்..."

அவன் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கீழே ஒரு பெண் சைக்கிளை மரத்தோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்தாள். அவள் பூட்டி முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"... இருக்கிறன். ... கேக்குது. ... இல்லை, ஏலாது, எனக்கு இனி ஒண்டும் கேக்கத் தேவையில்லை. நான் ஒண்டு சொல்லட்டோ? நீங்கள் என்ர அக்கா இல்லை. பெரியம்மாவின்ர மகள். அவ்வளவுதான். இனி ஆரும் கேட்டால் அப்பிடித்தான் சொல்லுவன்.

"... என்ன?

"... என்ன சொல்லுறியள்? ஆர் சொன்னது? ... நானோ? எப்ப?

"... இல்லை. ... இல்லை அக்கா, காலமை நான் உங்களுக்கு எடுக்கேல்லை. இப்பத்தான் எடுக்கிறன். காலமை நான் எழும்பி... எழும்பித் தேத்தண்ணி குடிச்சனான். பிறகு... ஓடப் போனன் எண்டு நினைக்கிறன். ... விளையாடாதேங்கோ. இது என்ன பகிடி?"

தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். அவளுடைய பெயர் இரண்டு தரம் இருந்தது. மேலே இப்போதைய அழைப்பு. அதற்குக் கீழே, அன்று காலை அவனே எடுத்த அழைப்பு. அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். நெடுநேரம் பேசியிருந்தான்.

"... ஹலோ. ... ஓம், இருக்கிறன்.

"... இதே சொல்லோ? ... பெரியம்மாவின்ர மகள் எண்டும்? ... சந்திரமௌலி மாமாவின்ர கதையும் சொன்னனானோ? ... அழுதனானோ?

"... அப்ப ஏன் முதலே சொல்லேல்லை? முழுக்கக் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள். ... ஓ. எனக்குத் தானா ஞாபகம் வருதோ எண்டு பாத்தனீங்கள். ... நோயாளியைப் பாக்கிற மாதிரி. ... சரி. ... சரி அக்கா, அழாதேங்கோ, வோர்ட் ஆக்கள் ஆரும் பாப்பினம்.

"... தெரியாது. ... போன கிழமையும் ஒருக்கா, கடைக்குப் போய் ஏன் போனனான் எண்டு தெரியாமல் திரும்பி வந்தனான். களைப்பாக்கும் எண்டு விட்டிட்டன். ... இல்லை, அம்மாவுக்குத் தெரியாது. ... தலை இடிக்கிறது எப்பவும் இருக்கிறதுதான். ... ஓம், எப்பவும்."

உள்ளே அம்மா யாருக்கோ தொலைபேசியில் மண்டபத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே அவளுடைய குரல் வரவில்லை. வலப்பக்கம், இடப்பக்கம் என்று கை மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது.

"... உங்களோட எனக்குக் கோவம்தான், சொல்லிப்போட்டன். ... இல்லை, போகேல்லை. நீங்கள் என்னட்டைச் சொல்லிப்போட்டு அவங்களுக்குச் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லு. நானும் ஒரு மனுசன்தானே, கேட்டிருக்கலாம். ... ஓம், நான் விட்டிருக்கமாட்டன்தான். எண்டாலும் கேட்டிருக்கலாம்.

"... ஆர், உங்கட தலைமை டொக்டரோ? ... நாளைக்கே Termin தருவாரோ? ... எத்தினை மணிக்கெண்டு இப்ப சொல்லாதேங்கோ. ... இல்லை, எழுதி வைச்சாலும் மறந்துபோவன். நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. ... ஓம். வெளிக்கிடேக்க நான் உங்களுக்கு எடுக்கிறன்.

"... இல்லை. இல்லை அக்கா. நீங்களே எடுங்கோ."