பிளேடுக்கு வைத்த பொட்டு

பூண்டு உரிப்பது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் உட்கார்ந்து உரித்துப் பார்க்கலாம். நகக்கண் எரியும். சோற்றில் மணக்கும், தலையணையில் மணக்கும். ஆனால் பூண்டு உரிக்கிறவளை யாரும் எதற்கும் தேடி வரமாட்டார்கள். இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம், இன்ஸ்பெக்டரம்மா.

எனக்கு முகம் மறந்துபோகும், பேச்சு மறக்காது. யார் என்ன சொன்னாலும் அவர்கள் குரலிலேயே திருப்பிச் சொல்வேன். எங்கள் மலையூரான நாகலூரில் வாய்ச்சண்டை வந்தால் சாட்சிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே நான் சொல்வதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

ஜீவானந்தம் ஐயாவின் ஊறுகாய் ஷெட்டில் நார்த்தங்காய் வெட்ட ஒரு மிஷின் இருக்கிறது. வட்டமான பிளேடு, நடுவில் நட்டு போட்டு முறுக்கியிருக்கும். பழைய பிளேடு வெறும் இரும்பு. நார்த்தங்காயின் புளிப்பும் உப்பும் பட்டுச் சாயங்காலத்துக்குள் பழுப்பேறிவிடும். அதைக் கழற்றித் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி அலமாரியில் வைத்துப் பூட்டுவது என் வேலை. சாவி என் இடுப்பில். காலையில் நான் வந்து திறந்தால்தான் மிஷின் ஓடும். எனக்கு ஒரு நாள் பஸ் தவறிவிட்டால் முதலாளியே பைக்கில் வந்து, "ஏனுங்க அமுதம்மா, நீங்க இல்லீன்னா இங்க ஒண்ணும் நடக்காதுங்க" என்று ஏற்றிக்கொண்டு போவார். அமுதவல்லி என்ற என் பெயரை அவர் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார். பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகும்போது எனக்கு இருந்த மிதப்பை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரு எண்ணெய்த் துணியை வைத்துக்கொண்டு இந்த மலையையே நான்தான் தூக்கி நிறுத்தியிருப்பதாக நினைத்திருந்தேன்.

சித்திரையில் சேலத்திலிருந்து எல்வின் வந்தான். பிளேடு கம்பெனி ஆள். கண்ணாடி போல ஒரு ஸ்டெயின்லெஸ் பிளேடைத் துணியிலிருந்து பிரித்து எடுத்தான்.

"இது துருப் புடிக்காதுங்கம்மா."

"எல்லாம் வந்த புதுசுல அப்படித்தான் சொல்லுவீங்க, கண்ணு."

"இல்லீங்கம்மா. இதுல குரோமியம்னு ஒண்ணு கலந்திருக்குது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலு மாதிரி மேல மூடிக்கும். கீறுனாக்கூட அந்தத் தோலு தானா வந்து மூடிக்கும்."

"அப்ப எண்ணெய்?"

"தாளிக்க வெச்சுக்குங்க."

ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். மறு வாரம் முதலாளி என்னைப் பூண்டுக்கு மாற்றினார். "வயசான காலத்துல உக்காந்த வேலைங்க அமுதம்மா" என்றார். சாவியை மட்டும் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார். அல்லது, கேட்க வேண்டிய அளவுக்கு அது முக்கியமாக அவருக்குத் தோன்றவில்லை.

ராசாத்தி பக்கத்தில் உட்கார்ந்து உரிப்பாள். தரை கழுவுவதும் அவள்தான். பிளீச்சிங் பவுடர் டின் அவள் பொறுப்பு. வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்கக்கா, பிளேடுக்குத் துருப் புடிக்கலீன்னு உங்களுக்குப் புடிச்சுக்கிச்சுங்களா? மூஞ்சி ஒரே பழுப்பா இருக்குது."

"உன்ற வேலையப் பாரு."

"கொஞ்சம் எண்ணெ தடவி உடட்டுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். மிஷினில் காய் தள்ளுகிற என் மருமகள் கலாவதிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இந்த வயதில் ஒரு இரும்புத் தட்டோடு சக்களத்திச் சண்டை போட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் ஆசை சின்ன ஆசை. அந்தப் பிளேடு ஒரே ஒரு முறை துருப்பிடிக்க வேண்டும். முதலாளி அதைப் பார்க்க வேண்டும். "அமுதம்மா, எண்ணெய் எடுங்க" என்று சொல்ல வேண்டும். வேறு எதுவும் நான் நினைக்கவில்லை.

சனிக்கிழமை எல்லாரும் போன பிறகு, நார்த்தங்காய்ச் சாற்றில் துணியை நனைத்து அதற்குச் சுற்றிவிட்டுப் போனேன். திங்கட்கிழமை எடுத்தால் முன்னைவிடப் பளபளப்பு. அடுத்த வாரம் புளியைக் கரைத்துப் பூசினேன். குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்தே வளர்ந்தவளுக்கு அது என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும். முதலாளி அதில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டு, "பாத்தீங்களா, கழுவறதுகூட வேண்டாங்க, அப்படி மின்னுது" என்றார். எதிரியைக் குளிப்பாட்டி அலங்காரம் பண்ணி அனுப்பிய புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

புரட்டாசியில் எல்வின் மறுபடி வந்தான். அவனுக்கு டீ கொடுக்கிற சாக்கில் நானே கேட்டேன்.

"அந்தத் தோலு எதுக்குமே உரியாதா, சாமி?"

"உப்பும் பிளீச்சிங் பவுடரும் சேந்து மேல ஊறக் கூடாதுங்கம்மா. அது ஒண்ணுதான். அப்ப அந்தத் தோலு திரும்ப மூடாது. புள்ளி புள்ளியா அரிச்சு உள்ளாற போயிரும்."

நல்ல பையன். கேட்டதற்குப் பதில் சொன்னான். அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஷெட்டில் வயதில் மூத்த பெண்தான் மிஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது வழக்கம். பூண்டுக்காரியானாலும் அந்த மரியாதையை எனக்கு விட்டுவைத்திருந்தார்கள். பொட்டு வைத்துப் பூஜை ஆன பிறகு பிளேடை யாரும் தொடமாட்டார்கள். துடைப்பதுகூடப் பாவம். அந்த வருடம் பூஜை, விஜயதசமி, ஞாயிறு என்று லீவு சேர்ந்து வந்தது.

பூஜைக்காகத் தரையெல்லாம் கழுவியிருந்ததால் ஷெட் முழுக்கப் பிளீச்சிங் வாசம். கூடுதலாக ஒரு பிடி யார் மூக்குக்கும் எட்டாது. ராசாத்தியின் டின்னிலிருந்து எடுத்து, உப்புச் சேர்த்துக் குழைத்து, பூஜைக்காகக் கழற்றி வைத்திருந்த பிளேடின் நடுவில் அப்பினேன். மேலே சந்தனத்தை வட்டமாகப் பூசிக் குங்குமம் வைத்தேன். "நொம்ப லட்சணமா இருக்குதுங்கக்கா, கல்யாணப் பொண்ணாட்ட" என்றாள் ராசாத்தி. உண்மையிலேயே லட்சணமாகத்தான் இருந்தது.

துரு தெரிய வேண்டுமென்றால் விளிம்பில் அல்லவா பூசியிருக்க வேண்டும், நட்டுக்குப் பக்கத்தில் ஏன் என்று கேட்டீர்கள். பொட்டை நடுவில்தானே வைப்பார்கள், அம்மா.

திங்கட்கிழமை காலையில் கலாவதிக்குக் காய்ச்சல். வேலைக்கு வரவில்லை. நான் மட்டும் முதல் பஸ்ஸில் போய், சந்தனத்தைத் துடைத்தேன். ஊசியால் குத்தியதுபோல் பழுப்புப் புள்ளிகள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. துடைத்தேன். அது துடைக்க வரவில்லை. முதலாளி வருவதற்குள் நட்டு முறுக்குகிற ஆள் வந்து மாட்டிவிட்டான். நட்டுக்கு அடியில் போடுகிற வட்ட வில்லை அந்த இடத்தை மூடிக்கொண்டது. அப்போது சொல்லியிருக்கலாம். பூண்டுக் கூடையோடு போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

கலாவதி இல்லாததால் ராசாத்தி மிஷினுக்குப் போனாள். போகும்போது, "நான் வர்ற வரைக்கும் என்ற பூண்டையும் சேத்து உரிச்சு வைங்கக்கா, எண்ணெ தடவறாப்பல பதமா" என்றாள். அவள் எனக்குச் சொன்ன கடைசிப் பேச்சு அது.

இரண்டாவது கூடை காய் போட்டுக்கொண்டிருந்தபோது பிளேடு உடைந்தது. ஒரு துண்டு மிஷின் மூடியைத் துளைத்து வந்து அவள் கழுத்தில் பட்டது. ஆம்புலன்ஸ் சீக்கிரமாகவே வந்தது. அது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி அடிவாரம் சேரும்போது அவசரம் தீர்ந்துவிட்டது.

காரியம் முடிந்த பிறகு முதலாளி பழைய இரும்பு பிளேடைத் தேடி எடுத்தார். "நீங்க அப்பவே சொன்னீங்க அமுதம்மா, நாங்கதான் கேக்கல" என்று எண்ணெய் டின்னை என் கையில் கொடுத்தார். நான் கேட்டது கிடைத்தது. தினமும் துடைத்தேன். நன்றாகவே துடைத்தேன்.

பிறகு கம்பெனியிலிருந்து எல்வினும் இன்னொருவரும் வந்து துண்டுகளைப் பார்த்தார்கள். பிளேடில் குறையில்லை, யாரோ பிளீச்சிங்கும் உப்பும் போட்டு ஊறவைத்திருக்கிறார்கள் என்றார்கள். டின் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். விவரமில்லாமல் அவளே பிளீச்சிங்கில் கழுவித் தன் சாவைத் தேடிக்கொண்டாள் என்று முடிவாகிவிட்டது. அவள் மகன் மாதேஷிடமே ஒருவர் போய், "உங்கம்மா செஞ்ச வேலை, கண்ணு, யாரக் குத்தம் சொல்றது" என்று ஆறுதல் சொன்னார். அவன் தலையாட்டினான். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. அதனால்தான் நானாக பஸ் ஏறி உங்களிடம் வந்தேன். நியாயத்துக்காக வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

உண்மையில், விவரமில்லாமல் நடந்தது என்று அவர்கள் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. விவரத்தோடு நடந்த காரியம் அது.

இவ்வளவு எழுதிவிட்டீர்கள். ஒரு குறை வேண்டாம். பேச்சு எதுவும் மறக்காது என்று முதலில் பெருமையடித்துக்கொண்டேன் அல்லவா? எல்வின் சொன்னதில் ஒரு துண்டை விட்டுவிட்டேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் சொன்னான்: "புள்ளி வுழுந்த பிளேட ஓட்டிராதீங்கம்மா. அந்த வேகத்துல ஒடஞ்சு தெறிச்சா, காய் தள்ளறவங்க உசுருக்கு ஆகாது."

கலாவதி வராத நாளில் காய் தள்ளுவது ராசாத்திதான். ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அன்று விடியற்காலையில் கலாவதி தலைவாரிக் கிளம்பி வாசலில் நின்றிருந்தாள். நான் கூப்பிட்டு நெற்றியில் கை வைத்தேன்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்கத்தை."

"கொதிக்குது. போய்ப் படு" என்றேன்.

அவள் நெற்றி சில்லென்று இருந்தது.