முயலின் இடது காது

முயலைத் தைப்பதில் கஷ்டமெல்லாம் காதுதான். முகம் ஒரு வட்டம், கண் இரண்டு முடிச்சு, மீசைக்கு ஆறு இழை. ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். காது நீளமாகப் போகும்போது துணி சுருங்கும். பிரித்துப் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும். உங்கள் மேஜைமேல் நான் வைத்திருக்கும் துணி உறையைப் பாருங்கள். இடது காது வலதைவிட ஒரு விரல் நீளம். கை பிசகி அப்படி ஆகவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் நாகுமோ கஸுயே. வயது முப்பத்தேழு. ஆற்றங்கரை உலோகத் தொழிற்சாலையின் ஊழியர் குடியிருப்பில் பதினோரு வருடமாக இருக்கிறோம். எங்கள் தெருமுனையில் இருக்கும் ஜிஸோ சாமிக்கு, குழந்தைகளைக் காக்கும் அந்தக் கல் சாமிக்கு, வருடா வருடம் சிவப்புக் கழுத்துத்துணி தைத்துக் கட்டுவது நான்தான். குளிர் வந்தால் தொப்பியும் பின்னிப் போடுவேன். யாருக்கும் கெடுதல் நினைத்தவளில்லை. இதை எழுதிக்கொள்ள வேண்டாம். கேட்டுக்கொண்டால் போதும்.

குடியிருப்பு வாசலில் ஒரு பலகை இருக்கிறது. நீங்களும் விசாரணைக்கு வந்தபோது பார்த்திருப்பீர்கள். மேலே ‘விபத்தில்லாத நாட்கள்’ என்ற எழுத்து, கீழே தொங்கும் எண் தகடுகள். குடியிருப்பில் யார் வண்டி ஓட்டி எங்கே தவறு செய்தாலும் எண் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். தினமும் காலையில் தகட்டை மாற்றுவது என் கணவர் தெத்சுரோவின் வேலை. அவர் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மூன்றாம் கட்டடத்துப் பெண் ஒருத்தி சைக்கிளில் வந்த ஒருவரை லேசாக இடித்துவிட்டாள். நானூற்றுப் பன்னிரண்டில் இருந்த எண் பூஜ்யமானது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் குப்பை போட வரும் நேரத்தைத் தெரிந்துகொண்டு எல்லோரும் வேறு நேரத்தில் போனோம். நானும்தான். வசந்தத்தில் அந்தக் குடும்பம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டது.

பிப்ரவரி பதினாறாம் தேதி எண் எண்ணூற்று எழுபத்தொன்று. கரைச் சாலையில் பனி இளகிச் சேறாகக் கிடந்தது. நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். திருப்பத்தில் வண்டி வழுக்கிப் போய் ஒரு சிமெண்ட் கம்பத்தில் முட்டி நின்றது. பின்னால் குழந்தை இருக்கையில் இருந்த என் மகள் கொஸுவே அழுதாள். பிறகு கம்பத்துக்கு வலிக்குமா என்று கேட்டாள். அவளுக்கு மூன்றரை வயது. முன்பக்கத்தில் ஒரு நசுங்கல், அவ்வளவுதான். யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“யாருக்காவது அடிபட்டுச்சா?”

“இல்ல.”

“அப்போ ஒண்ணும் நடக்கல கஸுயே. நடந்திருந்தா நான் தகட்டைத் திருப்பணும். நடக்கல.”

ஆயிரமாவது நாளன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கை தகட்டைத் திருப்புவதைப் பார்க்க நானும் விரும்பவில்லை.

அன்று மாலை அவர் வண்டியிலிருந்து குழந்தை இருக்கையைக் கழற்றி, கூடவே வந்த சிறு புத்தகத்தை எடுத்துப் படித்தார். ஒருமுறை மோதலில் அகப்பட்ட இருக்கையை, மோதல் எவ்வளவு சிறியதானாலும், மறுபடி பயன்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. சனிக்கிழமை பக்கத்து ஊருக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தோம். அந்த வரியை நம்பினீர்களா என்று கேட்கிறீர்கள். கொஸுவே விஷயத்தில் நம்பினோம்.

பழையதைத் தூக்கிப் போட்டிருக்கலாம். பெரிய சாமான் என்றால் நகராட்சியின் ஒட்டுச்சீட்டில் பெயர் எழுதி ஒட்டி, காலையில் வாசலில், பலகைக்கு அடியிலேயே வைக்க வேண்டும். இரண்டு வருடம்கூட ஆகாத இருக்கையை நாகுமோ வீட்டில் ஏன் எறிகிறார்கள் என்று நாற்பது குடும்பமும் கேட்கும். நகராட்சிக் கிடங்குக்கு நாமே ஓட்டிக்கொண்டு போயும் போடலாம். இருபது நிமிடம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அது எனக்கு அப்போதே தெரியும். முதல் வாரம் பனி. அடுத்த வாரம் கொஸுவேவுக்குச் சளி. பிறகு அது பால்கனி அலமாரியில் இருந்தது, நாங்கள் அலமாரியைத் திறக்கவில்லை.

மார்ச் கடைசியில் எங்கள் கட்டடத்துக்கு ஒகாதா குடும்பம் மாற்றலாகி வந்தது. சிஹோவுக்கு இருபத்தைந்து வயது. தெற்கே கடலோர ஊர். பனியில் எப்படி நடப்பது என்றே தெரியாது. குழந்தை சுமிரேவுக்குப் பதினோரு மாதம். புதிதாக வந்தவர்களுக்காகப் பொதுக்கூடத்தில் தேநீர் வைத்தோம். அங்கேதான் பிரிவுத் தலைவரின் மனைவி மொரிவாக்கி அம்மா கேட்டார்.

“ஏம்மா கஸுயே, உன் வண்டியில புது சீட்டு பார்த்தேனே. கொஸுவே ஒரே மாசத்துல மூங்கில் மாதிரி வளந்துட்டாளா? உங்க வீட்டு அரிசியில என்னதான் கலக்குற?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “ஆமாம்மா, பழசு அவளுக்கு இடிக்குது” என்றேன்.

“அப்போ அந்தப் பழசு? சிஹோ, உன் குழந்தைக்குச் சரியா இருக்கும் பாரு. கஸுயே கையில இருக்கிற சாமான்னா கடையில இருக்கிறதைவிடச் சுத்தமா இருக்கும்.”

சிஹோ எழுந்து எனக்குத் தலைகுனிந்து வணங்கினாள். இன்னும் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இருபது பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். துணியை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். தோள் பெல்ட் நுழையும் இடது துவாரத்திலிருந்து மேலே, பிளாஸ்டிக் ஓட்டில் ஒரு வெள்ளைக் கோடு. நகத்தால் கீறினதுபோல மெல்லியது, சுண்டுவிரல் நீளம். அழுத்திப் பார்த்தால் கொஞ்சம் வாய் திறக்கும். விட்டால் மூடிக்கொள்ளும்.

பழைய துணியை அப்படியே மாட்டிக் கொடுத்தால் மரியாதையாக இருக்காது. புது உறை தைத்தேன். நல்ல கெட்டிப் பருத்தி, உள்ளே பஞ்சு, மேலே முயல். கோட்டின் நீளத்துக்குக் காது போதவில்லை. இடது காதை மட்டும் கொஞ்சம் நீட்டினேன். அந்த இடத்தில் உறையை ஓட்டோடு சேர்த்து இறுக்கித் தைத்தேன், துவைக்கக் கழற்றும்போது அந்தப் பக்கம் நகராமல் இருக்க. மூன்று நாள் ஆனது. இவ்வளவு கவனமாக நான் என் மகளுக்குக்கூட எதுவும் தைத்ததில்லை.

கொடுத்தபோது சிஹோ அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. யார்கிட்டயாவது சீட்டு வாங்கினா இதைக் கேக்கணும்னு தாய்மார் வகுப்புல சொன்னாங்க. இது எப்பவாச்சும் மோதல்ல மாட்டியிருக்கா?”

“இல்லம்மா” என்றேன்.

அவள் முகமெல்லாம் சிவந்துவிட்டது. மறுநாள், அப்படிக் கேட்டதற்கு மன்னிப்பாக, அவள் ஊரிலிருந்து வந்த ஆரஞ்சுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து வாசலில் நின்றாள். அன்று மாலை ஜிஸோவின் கழுத்துத்துணியை மாற்றினேன். அதற்கு இன்னும் காலம் ஆகியிருக்கவில்லை. சுமிரேவைப் பார்த்துக்கொள்ளும்படி வேண்டிக்கொண்டேன். என் பங்குக்கு நான் செய்ய முடிந்ததைச் செய்தேன் என்று அப்போது தோன்றியது.

ஆயிரம் ஆனதும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஜூன் இருபத்தைந்தாம் தேதி ஆயிரம் ஆனது. விசேஷத்துக்குச் செய்யும் சிவப்புப் பயறு போட்ட சோறு எல்லா வீட்டுக்கும் கொடுத்தார்கள். கணவர் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு சொன்னால் அந்தச் சோற்றைச் சாப்பிட்ட எல்லோரையும் ஏமாற்றியதாக ஆகிவிடும். ஆகவே சொல்லவில்லை.

இதுவரை நான் சொன்னதெல்லாம் மாட்டிக்கொண்டவளின் கதைதான். கதவு திறக்கவே இல்லை என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஒருமுறை திறந்தது.

செப்டம்பரில் சிஹோ துணி உலர்த்தும் இடத்தில் என்னிடம் வந்தாள்.

“எங்கம்மா பேத்திக்குப் புது சீட்டு அனுப்பறேன்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க அக்கா. வேண்டவே வேண்டாம்னுட்டேன்.”

“ஏன்?”

“நீங்க ராப்பகலா கையால தச்சதை எடுத்து ஓரமா வச்சா உங்களுக்கு மனசு கஷ்டமாயிருக்காதா? அதோட இவ முயல் இல்லாம உக்காரவே மாட்டா. அந்தக் காதைப் பிடிச்சுக்கிட்டுதான் தூங்குவா.”

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ‘அம்மா அனுப்பினால் வாங்கிக்கொள், பெரியவர்கள் ஆசை’ என்று சொன்னால் முடிந்தது. பலகைக்கு ஒன்றும் ஆகாது. கணவருக்கு ஒன்றும் ஆகாது. பழைய இருக்கை திரும்பி வந்தால் கிடங்குக்குக் கொண்டுபோயிருப்பேன்.

“உனக்கு ரொம்ப நல்ல மனசு சிஹோ” என்றேன்.

ஏன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். பயம் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் முயலுக்காக ஒருத்தி தன் தாயையே மறுத்துவிட்டாள். பதினோரு வருடத்தில் அந்தக் குடியிருப்பில் யாரும் எனக்காக அப்படி ஒன்று செய்ததில்லை.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி நடந்தது உங்கள் போலீஸ் கோப்பில் இருக்கிறது. சிக்னலில் நின்ற சிஹோவின் வண்டியை லாரி பின்னாலிருந்து இடித்து, முன்னால் நின்ற வண்டிமேல் தள்ளியது. சிஹோவுக்குக் கழுத்தில் சுளுக்கு. பெரிய வேகமில்லை என்று ஓட்டுநரும் சொன்னார். இடது துவாரம் பிளந்து பெல்ட் வெளியே வந்துவிட்டது. சுமிரே நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தாள். ஐந்தாம் நாள் இல்லை.

தவறு லாரியுடையது என்பதால் கணக்கில் வரவில்லை. மறுநாள் காலையில் கணவர் வழக்கம்போலத் தகட்டை மாற்றினார். ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்று. மாற்றிவிட்டு வந்து சாப்பிடாமல் வேலைக்குப் போனார். அதன் பிறகு நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

விரிசல் பழையது, ஓரத்தில் அழுக்குப் படிந்திருக்கிறது என்று உங்கள் நிபுணர் எழுதியதை நீங்கள் சிஹோவிடம் சொன்னீர்கள். அவள் ஜூலையில் ஒருநாள் மாடிப்படியில் இருக்கையைக் கை நழுவ விட்டதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எனக்கும் தெரியும். முந்தாநாள் அவளே வந்து சொன்னாள். கையில் ஒரு இனிப்புப் பெட்டி. இந்த உறை, துவைத்து, இஸ்திரி போட்டு, தாளில் சுற்றி.

“சீட்டை அவங்க எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி இதை மட்டும் கேட்டு வாங்கிட்டேன் அக்கா. மன்னிச்சிருங்க. நீங்க அவ்வளவு பத்திரமா வச்சிருந்த சாமானை நான் படியில போட்டு ஒடைச்சுட்டேன். என் கையாலதான்... இதை அறுத்து எடுக்கையில காதோரம் நூல் விட்டுப்போச்சு. எனக்குத் தெரிஞ்ச மாதிரி தச்சிருக்கேன். கோணலா இருக்கும், சிரிக்காதீங்க.”

அவள் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். பெரிய பெரிய தையல். நூலின் நிறம்கூடப் பொருந்தவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் பிரித்து, மறுபடி தைத்திருக்கிறாள், நேராக வர வேண்டுமென்று. பிள்ளையைப் பறிகொடுத்து மூன்று வாரம்கூட ஆகாதவள் என் முயலின் காதைச் சரிசெய்து கொண்டுவந்திருக்கிறாள். அந்தத் தையலோடு என்னால் ஒரு வீட்டில் இருக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

இனி நீங்கள் கேட்டபடி தெளிவாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அந்த இருக்கை பிப்ரவரி பதினாறாம் தேதி என் வண்டியில் நடந்த மோதலில் விரிசல் விட்டது. சிஹோ படியில் போட்டதால் இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்தே என் மகளை அதிலிருந்து இறக்கிவிட்டு அவள் மகளை ஏற்றினேன். அவள் கேட்டபோது இல்லை என்றேன். விரிசல் தெரியாமல் இருக்க அதன்மேல் காதைத் தைத்தேன்.

நீங்கள் இன்றே போய்ச் சிஹோவிடம் சொல்லிவிடுங்கள். அவள் கையால் எதுவும் உடையவில்லை என்று சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். காதைப் பற்றி மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம். அந்த முயலையாவது நான் பிரியத்தோடு தைத்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். அது உண்மையும்தானே.